சனிக்கிழமை இங்கிலீஷும் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷும்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி கட்டிவிட்டீர்களாம். மையத்தின் மேலாளர் போனில் சொல்லிச் சிரித்தார். மாணவர் பேசும்போது தப்பு வந்தால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும் என்கிறது ஒரு கட்சி. ஊர் எப்படிப் பேசுகிறதோ அதுதான் இலக்கணம், அதில் கை வைக்க நாம் யார் என்கிறது இன்னொரு கட்சி. ஒரு நாள் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் டீச்சர் என்றார். நான் வந்து பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அது ஊருக்கே தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன். மத்தியானம் சாப்பிடும்போது படித்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டையில் நான் ஜெயித்தவள் இல்லை, தப்பித்தவள். என்னால் ஒருத்தியுடைய வேலை போயிருக்க வேண்டியது. போகவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அப்பாடா என்றுதான் வருகிறது.

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே இந்த இங்கிலீஷ் மையத்துக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் சும்மா உட்கார எனக்கு வராது. இந்தப் பினாங்கில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டிருக்கும் முறையைக்கூடத் திருத்துகிறவள் நான். இங்கே படிக்க வருகிறவர்கள் எல்லாம் வேலை பார்க்கும் பெரியவர்கள், பிள்ளைகள் இல்லை என்று மேலாளர் எச்சரித்தார். பெரியவர்களுக்கும் இலக்கணம் ஒன்றுதானே என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டேன்.

என்னிடம் ஒரு முறை இருந்தது. பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு. டக். அவ்வளவுதான். திட்டுவதில்லை, முறைப்பதில்லை. தட்டினால் பேசுகிறவர் உடனே நிறுத்த வேண்டும், எங்கே தப்பு என்று தானே தேடிப் பிடிக்க வேண்டும், வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்வி அதிகாரி என் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். போகும்போது, இவ்வளவு தப்பில்லாமல் பேசும் வகுப்பை இந்த வட்டாரத்திலேயே பார்த்ததில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது பிள்ளைகளில் நாலு பேர்தான் வாயைத் திறந்தார்கள் என்பது எனக்கு உறைக்க முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் அந்தத் தட்டு என் விரலிலேயே ஊறிவிட்டது.

இங்கே எனக்கு வாய்த்த ஜோடி நசீர். என்னைவிட இருபது வயது சின்னவர். அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார், கடையில் நாலு மொழி காதில் விழ வளர்ந்த மனிதர். கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்துவிட்டு வந்திருந்தார். ஒரே வகுப்பை எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை நான், ஞாயிற்றுக்கிழமை அவர். நான் அடைத்துவிட்டுப் போகும் கதவை மறுநாள் அவர் அகலமாகத் திறந்து வைப்பார்.

"அக்கா, சாப்டாச்சாங்கிறதுக்கு 'யூ ஈட் ஆல்ரெடி'ன்னு இந்தப் பினாங்குல லட்சம் பேர் கேக்குறாங்க. லட்சம் பேரும் ஒரே மாதிரி சொன்னா அதுக்குப் பேரு தப்பு இல்ல, இலக்கணம்" என்பார்.

"லட்சம் பேர் சிவப்பு விளக்குல போனா அதுக்குப் பேரு சாலை விதியா தம்பி?" என்பேன் நான்.

இரண்டு வருஷம் இதே பேச்சு. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, அடுத்த பாடத்தைப் பேசி வைக்க இருவரும் சந்திப்போம். பாடத்தைப் பேசினதைவிட ஒருவர் காலை ஒருவர் வாரினதுதான் அதிகம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது. சரிசமமாகச் சண்டை போட ஆள் கிடைப்பது லேசா? சண்டை எங்கள் இருவரோடு முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

அந்த வகுப்பில் தவமணி என்று ஒருத்தி இருந்தாள். நாற்பத்து நாலு வயது. கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் வீடு. மருத்துவக் கருவி செய்யும் ஒரு ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாக ஒப்பரேட்டர். சனி ஞாயிறு இரண்டு நாளும் பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, வகுப்பு ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்காருவாள். மழை பெய்தாலும் சரி, தலைவலி என்றாலும் சரி, ஒரு நாள் தவறமாட்டாள். அவள் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகு போய் வீட்டில் இருந்தார். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வேலை பார்த்த பகுதியில் புது இயந்திரம் வரப்போகிறது, மூன்று மாதத்தில் அந்தப் பகுதி ஆட்களை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதே சமயம் இரண்டு ட்ரெய்னர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நேபாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும், இங்கிலீஷில் கற்றுக்கொடுக்க வேண்டும். வேலை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். இங்கிலீஷ்தான் கேள்வி. அந்த ட்ரெய்னர் இடம் கிடைத்தால் பிழைத்தாள். கிடைக்காவிட்டால் இந்த வயதில் வேறு எந்த ஃபேக்டரி அவளை எடுக்கும்? அதை அவள் என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டே சொன்னாள்.

தேர்வு இரண்டு பகுதி. முதலில் மூன்று அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து நேர்முகம். எட்டு நாள் கழித்து ஃபேக்டரிக்குள்ளேயே புது ஆட்களை நிற்க வைத்து ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு. நானும் விடவில்லை. ஒரு மாதம் வறுத்தெடுத்தேன். கேள்வி கேட்பேன், பதில் சொல்வாள், டக், நிறுத்துவாள், திருத்துவாள், மறுபடி சொல்வாள். கடைசி சனிக்கிழமை அவள் பேச்சில் தட்டவே இடமில்லாமல் போனது. என் கையில் வளர்ந்தவள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேர்முகம் புதன்கிழமை நடந்தது. அந்தச் சனிக்கிழமை அவள் வந்தாள். வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டேன். சரியாக நடக்கவில்லை டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தாள். வகுப்பு முழுக்க வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு நசீரும் ஏதோ காகிதம் நகல் எடுக்க மையத்துக்கு வந்திருந்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு, தவமணி மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நசீர் எட்டிப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. உங்கள் 'பரவாயில்லை லா' ஊர்ப்பேச்சு இங்கிலீஷ்தான் இவளைக் கவிழ்த்துவிட்டது, நான் கட்டினதை எல்லாம் வாராவாரம் நீங்கள் அவிழ்த்து விட்டீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். அவரும் சும்மா இருக்கவில்லை. தட்டித் தட்டி இவங்களை ஊமையாக்கி வச்சிருக்கீங்க அக்கா, ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டே இருக்கேன் என்றார். அவள் முன்னாலேயே, அவள் தலைக்கு மேலேயே, இருவரும் கத்தினோம். அவள் வேலை போகப்போகிறது, நாங்கள் யார் சரி என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்கக்கேடு.

தவமணி தன் நோட்டை எடுத்து எங்கள் நடுவில் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் 'சனி', வலப்பக்கம் 'ஞாயிறு'. ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு தீர்ப்பு. அவள் மட்டும் இல்லையாம், அந்த வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். ஃபெரியில் போகும்போது ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்களாம், இது சனியா, ஞாயிறா என்று. எங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

"உள்ள போனேன் டீச்சர், மூணு பேர் உக்காந்திருந்தாங்க" என்றாள். "யாரு சனி, யாரு ஞாயிறுன்னு எனக்குத் தெரியல. முதல் கேள்விக்கு நல்லாத்தான் ஆரம்பிச்சேன். நடுவுல இருந்த சார் பேனாவால மேசையத் தட்டினாரு. நான் நிறுத்திட்டேன். எங்க தப்புன்னு தேடினேன், கிடைக்கல. முதல்ல இருந்து சொன்னேன். மறுபடியும் தட்டினாரு."

எத்தனை தடவை என்று நசீர் மெதுவாகக் கேட்டார்.

"எண்ணல சார். கடைசியில நான் பேசவே இல்ல. வெளிய வந்து கண்ணாடி வழியாப் பாத்தேன். அடுத்த ஆள் பேசும்போதும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு. அது அவரோட பழக்கம்."

 அந்த மனிதர் யாரோ, எதற்காகவோ விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். உலகத்தில் வேறு எந்த மாணவியும் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டாள். என் மாணவி ஒவ்வொரு தட்டுக்கும் நின்றாள். அவ்வளவு ஒழுங்காகப் பழக்கியிருந்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தவமணி, தப்பு உன்னுது இல்லம்மா, என்னுது என்று சொன்னேன்.   வியாழக்கிழமை சொல்லிக் குடுத்துக் காட்டணுமே, என்ன செய்யறது டீச்சர் என்றுதான் அவள் கேட்டாள். நடுவில் ஐந்து நாள் இருந்தது.

தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் தப்பு நமக்கே தெரியவரும்போது வருகிற அவசரம் இருக்கிறதே, அது அந்தத் தப்பைவிட மோசமானது. எனக்கு அப்போது வந்த முதல் எண்ணம், இலக்கணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வாய்க்கு வந்தபடி பேசு, நசீர் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிடுவது. குற்ற உணர்ச்சியில் ஒரே தாவலாக எதிர்க் கட்சிக்குப் போய்விடுவது. அப்படிச் சொல்லியும் விட்டேன். என்னைத் தடுத்தது யார் தெரியுமா, நசீர்தான்.

"வேணாம் அக்கா. நானும் ஒண்ணும் பெருசாக் கிழிக்கல" என்றார். எதைச் சொன்னாலும் சரி என்று விட்டால் வகுப்பு கலகலப்பாக இருக்கிறது, எல்லாருக்கும் தன்னைப் பிடித்துப்போகிறது, அதற்காகவே பல விஷயத்தைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். தவமணியும் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சந்தோஷமாகப் போவாளாம், ஆனால் திங்கட்கிழமை ஃபேக்டரியில் எதைச் சொன்னால் புரியும், எதைச் சொன்னால் புரியாது என்று ஒன்றும் தெரியாதாம். நசீர் முகம் தொங்கிப்போனது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் சரிசமமாக அடி.

மறுநாள் ஞாயிறு. அவர் வகுப்பு முடிந்த பிறகு மத்தியானம் இரண்டு மணி நேரம் தவமணியை இருக்கச் சொன்னோம். நான் முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறினேன். ஃபேக்டரியில் அவள் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டியது, தூசி புகாத அறைக்குள் போவதற்கு முன்னால் உடுப்பு மாட்டும் முறை. கை கழுவுவது, தலைக்கு உறை, முகத்துக்கு மாஸ்க், முழு உடுப்பு, கையுறை, எல்லாம் வரிசை தப்பாமல். நசீர் தன்னுடைய மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டைக் கொண்டுவந்தார், நான் என்னுடையதையும் குளிக்கும்போது தலைக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறை இரண்டையும் கொண்டுபோனேன். நாங்கள் இருவரும் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கிய புது ஆட்கள். எங்களுக்கு இந்த ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. நீ என்ன சொல்கிறாயோ அதை மட்டும் செய்வோம் என்று சொன்னேன்.

ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். என்ன என்று பார்த்தால், என் விரல் மேசையைத் தட்டியிருக்கிறது. எனக்கே தெரியாமல். நசீர் என் பேனாவைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேனா போனால் என்ன, விரல் இருக்கிறதே, மறுபடி தட்டியது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். அறுபது வயது தாண்டிய ஆசிரியை, தலையில் பிளாஸ்டிக் உறையோடு, கை மேல் உட்கார்ந்துகொண்டு. தவமணிக்கு நாலு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"என் முகத்தைப் பாக்காத" என்று அவளிடம் சொன்னேன். "சாரோட முகத்தையும் பாக்காத. எங்க கையப் பாரு. நீ சொன்னத கை சரியாச் செஞ்சா அடுத்ததுக்குப் போ. தப்பாச் செஞ்சா மட்டும் நில்லு, வேற மாதிரி சொல்லு."

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் இருவர் கணக்கையுமே புரட்டிப் போட்டது. நான் மூன்று தடவை தட்டியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொன்னாள், என் காது எரிந்தது, ஆனால் என் கை அவள் நினைத்ததை அச்சு அசலாகச் செய்தது. அதே மாதிரி, இதெல்லாம் நம் ஊரில் சர்வ சாதாரணம் என்று நசீர் இரண்டு வருஷமாக விட்டுவைத்திருந்த ஒரு பேச்சு வழக்கில், 'வாஷ் ஹேண்ட் ஆல்ரெடி, வேர் மாஸ்க்' என்று சொன்னாள். கை கழுவிவிட்டு மாஸ்க் மாட்டு என்று நம் ஊர்க்காரருக்குப் புரிந்திருக்கும். நேற்று வந்து இறங்கியவர் என்ன கண்டார், கை கழுவியாயிற்று என்றுதானே எடுத்துக்கொள்வார்? நசீர் கை கழுவாமலேயே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே, இந்தத் தப்பு என் கணக்கு அக்கா என்று மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னார்.

கைகள் தப்பாகப் போன இடங்களை எண்ணினால் ஐந்துதான் வந்தது. அந்த ஐந்தை நான் பச்சையாக, விதி சொல்லி, காரணம் சொல்லி, பலகையில் எழுதி நடத்தினேன். நசீர் மறுபேச்சுப் பேசவில்லை, எழுதிப் பார்க்கும் பயிற்சிகூட அவரே போட்டுக் கொடுத்தார். மற்ற தப்புகள் இருபதாவது இருக்கும். அவற்றை நான் தொடவில்லை. தொடாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று என் தொடைக்குத்தான் தெரியும். கடைசி அரை மணி நேரம் நசீர் வேண்டுமென்றே தேநீர்க் குவளையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தார். முதலில் ஒவ்வொரு தட்டுக்கும் நின்றாள். பிறகு நின்று எங்கள் கையைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அந்த நிற்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. இவ்வளவுதான் எங்களால் முடிந்தது. எனக்கு நம்பிக்கையும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் பாசாருக்குப் போனேன். வெண்டைக்காய் வாங்கினேன், இரண்டு கடை தள்ளிப் போய் மறுபடியும் வெண்டைக்காய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. நசீர் மூன்று தடவை போன் செய்தார், ஏதாவது தெரிந்ததா என்று. தெரிந்தால் சொல்ல மாட்டேனா தம்பி, போனை வையுங்கள், அவள் கூப்பிட்டால் கிடைக்க வேண்டாமா என்று சீறினேன். இரண்டரை மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

"அதே சார் வந்திருந்தாரு டீச்சர், அதே பேனா. கையில அட்டை வச்சுக்கிட்டு அதுல தட்டிக்கிட்டே நிக்கிறாரு. நான் நிறுத்திட்டேன்."

 அப்புறம் என்றேன்.

"அப்ப அந்த நேபாளத்து ஆளப் பாத்தேன். ஒரு கையில கையுறை போட்டுட்டு, இன்னொரு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, நான் என்ன சொல்லப்போறேன்னு. நான் பேசலன்னா அவரு அப்படியே நிக்கணும் இல்ல? பாவமா இருந்துச்சு. பேசிட்டேன். கடைசி வரைக்கும் பேசிட்டேன் டீச்சர்."

புது ஆட்கள் மூன்று பேருமே உடுப்பை வரிசை தப்பாமல் மாட்டி முடித்தார்களாம். அவள் பேச்சில் தப்பு இல்லாமல் இருந்திருக்குமா? நிச்சயமாக இருந்திருக்கும். எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. என் வாழ்க்கையில் அப்படிக் கேட்கத் தோன்றாமல் போனது அதுதான் முதல் தடவை.

முடிவு சொல்ல இன்னும் ஆறு நாள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆறு நாளும் நான் தூங்கின தூக்கம் தூக்கமே இல்லை. புதன்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. இரண்டு இடத்தில் ஒன்று அவளுக்கு. நேர்முகத்தில் மதிப்பெண் மிகக் குறைவாம், கற்றுக்கொடுத்துக் காட்டியதில்தான் அவள் எல்லாரையும் தாண்டியிருக்கிறாள். போனை வைத்ததும் சமையலறையில் நின்ற இடத்திலேயே அழுதேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. நசீருக்குப் போன் செய்து சொன்னேன். அக்கா, நாம தப்பிச்சோம் என்றார். ஆமாம் தம்பி, தப்பிச்சோம் என்றேன்.

நானும் அவரும் அதற்கப்புறம் ஒரே கருத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் அவர் வீட்டுக்கு வந்தால் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும். விதி வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்கிறேன். ஊர்ப் பேச்சை மதிக்க வேண்டும் என்றுதான் அவர் இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் அந்த வாரத்திலிருந்து நாங்கள் ஒளித்து வைத்துச் சண்டை போடுவதை நிறுத்தினோம். வெள்ளிக்கிழமைச் சண்டையை வகுப்புக்குள்ளேயே, அவர்கள் முன்னாலேயே போட்டோம். இங்கே ஆசிரியர்களே ஒத்துப்போகாத இடம் இது, எங்கே எப்படிப் பேசினால் உங்கள் வேலை நடக்கும் என்று நீங்களும் யோசியுங்கள் என்று சொன்னோம். நடுவில் கோடு போட்ட நோட்டுகள் மெல்ல மெல்லக் காணாமல் போயின. நீங்களும் சண்டை போடுங்கள், அது நல்லதுதான். படிக்க வருகிறவர் அதில் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். அவர் தலைக்கு மேலே மட்டும் போடாதீர்கள்.

தவமணி வேலை கிடைத்த பிறகும் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு டப்பா நிறையக் கறிபாப் பலகாரம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். எல்லாரும் இருக்கும்போதே நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் யார் பேசும்போதும் தட்ட மாட்டேன் என்று பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.  பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கும் ஒரு நினைப்பு.

தவமணி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முந்தின நாள் சேர்ந்த புது வேலையில் தன் முதல் நாளைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். பதினைந்து நிமிஷம். யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்கு அங்கங்கே காது எரிந்தது, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முடித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தாள். என் பையைத் திறந்து பேனாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தன் நோட்டைப் பிரித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் பேசி முடிச்சிட்டேன் டீச்சர். இப்ப தட்டுங்க."